டி.ஏ. என்றால் பஞ்சப்படி அல்ல!

"எனக்கு டி.ஏ. வேலை கொடுத்திருக்கிறார்கள்" என்று வீட்டில் சொன்னேன். என் தகப்பனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பஞ்சப்படியா, பயணப்படியா?" என்று கேட்டார்.

அவர் மேல் தவறு இல்லை. மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு, ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் 34 ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்குத் தெரிந்த டி.ஏ. இரண்டுதான். ஒன்று, விலைவாசி ஏறினால் ஏறும். மற்றது, வெளியூர் போய் வந்து பில் எழுதினால் வரும். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அந்த மூன்றாவது டி.ஏ.தான் டீச்சிங் அசிஸ்டெண்ட். பேராசிரியருக்கு உதவியாக இருந்து, இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆராய்ச்சி மாணவர். நான் பார்த்தது கணிதத்தில்.

"அப்படியானால் நீ வாத்தியாரா, மாணவனா?"

"இரண்டும்தான் அப்பா."

"சம்பளம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?"

குமாஸ்தா அல்லவா, சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று எம்.எஸ்.சி. கணிதம் படிக்கிறார்கள். "அதற்கு மேல் படித்தால் யார் சோறு போடுவது?" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். ஆகவே முதலில் சம்பளக் கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

எட்டு மணி நேரம்

ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிலையங்களில் பி.எச்.டி. படிக்கச் சேருகிறவருக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. அதற்குப் பதிலாக வாரத்துக்கு 8 மணி நேரம் வரை கற்பிக்கும் வேலையில் உதவ வேண்டும் என்பது வழக்கம்.

நான் 2011ல் இந்த வேலையைத் தொடங்கியபோது தொகை 16,000 ரூபாய். 2014ல் அது 25,000 ஆயிற்று. 2019ல் 31,000. 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுக்கு 37,000 ரூபாயும், அதன் பிறகு 42,000 ரூபாயும் தருகிறார்கள். ஒவ்வொரு உயர்வுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் மனுக் கொடுத்து, கோஷம் போட்டுத்தான் வாங்கினார்கள். பஞ்சப்படி மாதிரி தானாக ஏறுவது இதற்குக் கிடையாது.

இந்த இடத்தில் ராமானுஜன் நினைவு வராமல் போகாது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவருக்கு மாதம் 30 ரூபாய். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை எழுதித் தந்தால் போதும். விடைத்தாள் திருத்தும் வேலை அவருக்கு இல்லை. கொடுத்து வைத்தவர்!

பெரிய மண்டபமும் சின்ன அறையும்

நான் வேலை பார்த்தது மும்பையில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில். பெயர் வேண்டாம். அங்கே என்ஜினீயரிங் படிக்கச் சேருகிற எல்லாருக்கும் முதல் ஆண்டில் கணிதம் கட்டாயப் பாடம். ஒரு பெரிய மண்டபத்தில் சுமார் 300 மாணவ, மாணவிகள் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் மைக்கில் பேசுவார். கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கரும்பலகை தபால் தலை அளவுதான் தெரியும். சந்தேகம் வந்தால் கை தூக்குகிறவர் இரண்டு பேரோ, மூன்று பேரோ.

அதனால் வாரத்தில் ஒரு நாள் இந்த 300 பேரையும் நாற்பது நாற்பதாகப் பிரித்து, சின்னச் சின்ன அறைகளில் உட்கார வைப்பார்கள். அதற்கு டுட்டோரியல் என்று பெயர். ஒவ்வோர் அறைக்கும் ஒரு டி.ஏ. கணக்குத் தாளை முன்கூட்டியே கொடுத்திருப்பார்கள். மாணவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கே நின்றுவிட்டார்களோ அங்கிருந்து கை பிடித்து நடத்துவதுதான் எங்கள் வேலை. நாமே போட்டுக் காட்டிவிடக் கூடாது. இதுதான் கடினம். கையில் சாக்பீஸ் இருக்கும்போது சும்மா நிற்பது சாதாரணக் காரியம் அல்ல.

முதல் நாள் என் கால்கள் ஆடின. மூன்றாவது வரியிலேயே குறியை மாற்றி எழுதிவிட்டேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண், "சார், அங்கே மைனஸ் வர வேண்டும்" என்றாள். நான் பலகையைப் பார்த்தேன். மைனஸ்தான். "இனி என் தவறைக் கண்டுபிடிப்பதும் உங்கள் பாடத்தில் சேர்த்தி" என்று சொல்லித் தப்பித்தேன். தெரியாத ஒன்றைக் கேட்டால், "அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லவும் சில வாரங்களில் பழகிக்கொண்டேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அவர்கள் என்னிடம் தாராளமாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். லட்சக்கணக்கானவர்களை முந்திக்கொண்டு நுழைவுத் தேர்வில் தேறியவர்கள். ஆனால் அந்தத் தேர்வில் சரியான விடையைக் குறித்தால் போதும். எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு கோச்சிங் வகுப்பில் அதையே பழகியவர்களிடம் "ஏன்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். "விடை சரிதானே சார்?" என்கிறார்கள். முதல் பருவம் முழுக்க எங்களுக்கும் அவர்களுக்கும் நடந்த வழக்கு இதுதான்.

உண்டியல் கணக்கு

ஒரு நாள் அறையில் ஒரு கணக்குச் சொன்னேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் உண்டியலில் ஒரு ரூபாய் போடுகிறீர்கள். மறுநாள் அரை ரூபாய். அதற்கு மறுநாள் கால். பிறகு அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள். ஆயுள் முழுக்கப் போட்டாலும் உண்டியலில் இரண்டு ரூபாய் சேராது.

இப்போது இன்னோர் உண்டியல். முதல் நாள் ஒரு ரூபாய். இரண்டாம் நாள் ரூபாயில் இரண்டில் ஒரு பங்கு. மூன்றாம் நாள் மூன்றில் ஒரு பங்கு. நான்காம் நாள் நான்கில் ஒரு பங்கு. நூறாம் நாள் ஒரே ஒரு பைசா. இந்த உண்டியலுக்கு எல்லை உண்டா?

"போடுகிற தொகை குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. ஆகவே எல்லை உண்டு" என்று கிட்டத்தட்ட அறை முழுவதும் சொன்னது. தவறு! இதற்கு எல்லையே கிடையாது. நூறு ரூபாய், கோடி ரூபாய் என்று எதைச் சொன்னாலும் ஒரு நாள் தாண்டிவிடும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் 14-ம் நூற்றாண்டிலேயே இதை நிரூபித்துவிட்டார்.

ஆனால் சேருகிற வேகம் இருக்கிறதே, அது ஆமை வேகம். பத்து ரூபாயைத் தாண்ட 12,367 நாள் ஆகும்.

அன்று இரவு சாப்பிடும்போது தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து பழைய டைரியின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தார்.

"முப்பத்து மூணு வருஷம் பத்து மாசம்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "லீவு நாளும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்படின்னா என் சர்வீசுக்குப் பத்து ரூபாய் தாண்டியிருக்கும். பரவாயில்லை."

நான் செய்த பிழை

டி.ஏ. வேலையில் வெளியே தெரியாத பெரும் பகுதி, விடைத்தாள் திருத்துவது. 300 தாளையும் ஒரே அறையில் அடுக்கி வைப்பார்கள். ஒரு கேள்வியை ஒரே ஆள்தான் எல்லாத் தாளிலும் திருத்த வேண்டும். ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கஞ்சத்தனமாகவும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று பேராசிரியர் ஒரு குறிப்புத் தாள் கொடுத்திருப்பார். வடாபாவும் டீயும் வந்துகொண்டே இருக்கும். இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகும்.

அந்த முறை எனக்கு வந்தது நாலாவது கேள்வி. ஐந்து மதிப்பெண். ஒன்று, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று என்று ஒற்றைப்படையாகக் கூட்டிக்கொண்டே போனால் எல்லை உண்டா, இல்லையா? காரணம் எழுதுக. உண்டியல் கணக்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை இல்லை என்பது விடை. அதற்கு ஒரு மதிப்பெண். பழைய உண்டியலோடு ஒப்பிட்டுக் காரணம் எழுதினால் நான்கு.

இருநூறு தாளுக்கு மேல் திருத்தியிருப்பேன். ஒரு தாளில் வாக்கியமே இல்லை. தேற்றத்தின் பெயர் இல்லை. பின்னங்களை வளைவுக் கோடு போட்டுக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் கீழும் 1/4, 1/4 என்று எழுதி, கடைசியில் "எல்லை இல்லை" என்று மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு சொல். யாரோ சும்மா கூட்டிப் பார்த்துவிட்டு முடிவை ஊகித்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு கோடு இழுத்து, ஒரு மதிப்பெண் போட்டு, அடுத்த தாளை எடுத்தேன்.

விடைத்தாள் காட்டும் நாளில் மாணவர்கள் கூட்டமாக வந்து அரை மதிப்பெண்ணுக்கெல்லாம் வாதாடினார்கள். அந்தத் தாளுக்கு உரியவனும் வந்தான். தாளைப் புரட்டிப் பார்த்தான். இருபதுக்கு ஆறு. ஒன்றும் பேசாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் டுட்டோரியலில் நாலாவது கேள்வியைப் பலகையில் போட ஆள் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. கடைசி பெஞ்சில் தலை குனிந்திருந்த அவனைச் சுட்டிக் காட்டினேன். அவனுடைய தாள்தான் அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவன் வந்து அதே மாதிரி வளைவுக் கோடு போட்டான். மூன்றில் ஒன்று கால்வாசிக்கு மேல். ஐந்தில் ஒன்றும் ஏழில் ஒன்றும் தனித்தனியே அரைக்காலுக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் காலுக்கு மேல். அடுத்த நான்கும் ஒவ்வொன்றாக மாகாணிக்கு மேல். நான்கும் சேர்ந்தால் மறுபடியும் காலுக்கு மேல். அடுத்து எட்டு. அடுத்து பதினாறு. ஒவ்வொரு கட்டுக்கும் உதட்டுக்குள் "கால்... கால்..." என்று சொல்லிக்கொண்டே எழுதினான். முன் பெஞ்சில் ஒருவன் அதை இந்தியில் "கல்" என்று எடுத்துக்கொண்டு, "நாளைக்கு என்னடா?" என்று கேட்க, அறை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலணா நாலணாவாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. எல்லை எங்கே இருக்கும்? நிரூபணம் சுத்தமாக இருந்தது. பழைய உண்டியலின் தயவுகூட அதற்குத் தேவைப்படவில்லை. இதைத்தானே நான் கோடு இழுத்து வெட்டினேன்!

வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தித் தமிழில் கேட்டேன். "தாள் காட்டின அன்னைக்கு ஏன் ஒண்ணும் கேக்கலை?"

அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம். பிறகு, "சார் வெட்டியிருந்தீங்க. வெட்டினா தப்புன்னுதானே அர்த்தம்?" என்றான்.

தாராவிப் பையன். பெற்றோருக்கு இட்லி வியாபாரம். விடியற்காலை இரண்டு மணிக்கே அடுப்புப் பற்றவைக்கும் வீடு. ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அப்புறம்தான் ஆங்கிலம். கணக்கு மனதுக்குள் இன்னும் தமிழில்தான் ஓடுகிறது. அதை ஆங்கில வாக்கியமாக எழுதப் போனால் நேரம் போய்விடுகிறது, தப்பும் வந்துவிடுகிறது. ஆகவே எண்களை மட்டும் எழுதிவிடுவானாம்.

"இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது, வெளியே ஏதாவது காலேஜில் பி.எஸ்.சி. சேர்ந்துடறேன்னு அம்மாகிட்டே சொல்லிட்டேன்" என்றான்.

முந்நூறு தாளும் மறுபடியும்

அன்று மாலையே பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். நான்கு மதிப்பெண்ணைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "இதுபோல இன்னும் எத்தனை பேரை வெட்டினீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? முந்நூறையும் மறுபடி பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். இரண்டு இரவு. இன்னும் இரண்டு தாளில் இதே அநியாயம் செய்திருந்தேன். வேறொரு தாளில் தவறான காரணத்துக்கு முழு மதிப்பெண்ணை வாரி வழங்கியிருந்தேன். அதைக் குறைக்கலாமா என்று கேட்டதற்குப் பேராசிரியர், "வேண்டாம். நம் தூக்கத்துக்கு அவன் அபராதம் கட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எவ்வளவு நேரமானாலும், குறிப்புத் தாளோடு ஒத்துப்போகாத விடைகளைத் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்துதான் படிப்பேன். சக டி.ஏ.க்கள் கேலி செய்தார்கள். 8 மணி நேரக் கணக்கெல்லாம் காகிதத்தில்தான். தேர்வு வந்துவிட்டால் அது 20 மணி நேரமும் ஆகும், ஓவர்டைம் கிடையாது.

தாராவிப் பையனுக்கு நான் கொடுத்த யோசனை ஒன்றுதான். ஒவ்வொரு கட்டுக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுது, அதன் பிறகு நான்கு சொல் எழுது. இலக்கணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றேன். அடுத்த தேர்வில் பதினொன்று வாங்கினான். இறுதித் தேர்வில் தேறிவிட்டான். பி.எஸ்.சி. பேச்சை அம்மாவும் எடுக்கவில்லையாம்.

எப்படிச் சேருவது?

உங்கள் வீட்டில் பி.எஸ்.சி. கணிதம் படிக்கும் பிள்ளை இருந்தால் சில பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.சி. சேர 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு. அதன் பிறகு பி.எச்.டி. உதவித்தொகைக்கு 'கேட்', 'நெட்' தேர்வுகள். தேசிய உயர் கணித வாரியமும் தனியே உதவித்தொகை தருகிறது. கல்லூரியில் படிக்கும்போதே கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற பயிற்சி முகாம் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் எஸ்.குமரேசன் 1993ல் தொடங்கியது. அங்கே "ஏன்?" என்ற கேள்வியைத் தவிர வேறு பாடமே இல்லை என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள்.

"கணக்குப் படித்தவன் மும்பையில் என்ன செய்வான்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னை லயோலா கல்லூரியில் படித்த எம்.எஸ்.நரசிம்மனும் சி.எஸ்.சேஷாத்ரியும் 1953ல் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த இடம் இந்த ஊரில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்தான். 1965ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் உலகம் முழுவதும் அவர்கள் பெயரால் வழங்குகிறது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே டி.ஏ. வேலைதான் சோறு போடுகிறது. படிப்புக் கட்டணமும் பெரும்பாலும் தள்ளுபடி. அங்கே தொழிற்சங்கமும் உண்டு! 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டி.ஏ.க்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து ஊதிய உயர்வு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். அவர்களுடைய சங்கம் எது தெரியுமா? மோட்டார் கார்த் தொழிலாளர் சங்கம். இதைக் கேட்டுவிட்டு என் தகப்பனார் வெகு நேரம் சிரித்தார்.

அதே அறையில்

முதலாண்டு மாணவர்களுக்கு உதவ, மூத்த மாணவர்கள் சிலரையும் சிறு தொகை கொடுத்து வைத்துக்கொள்வது உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பட்டியலில் தாராவிப் பையன் பெயரைப் பார்த்தேன். திருத்தும் அறைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். "சார்" போய் "அண்ணே" ஆகியிருந்தது.

இரவு பதினொன்று இருக்கும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, இதுல விடை தப்பு. ஆனா இந்த இடம் வரைக்கும் சரியாத்தான் வந்திருக்கான். குறிப்புத் தாள்ல இந்த வழியே இல்லை. எவ்வளவு போடலாம்?"

நான் இரண்டு என்றேன். அவன் நான்கு என்றான். கேன்டீன்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் வரை வாதாடினோம். மூன்று போட்டோம்.